விதைநெல் வைத்துத் தைத்த பிள்ளை

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம், ஆனால் நீ வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் நர்ஸ் வேலை செய்கிறவள், உன்னிடம் என் பருப்பு வேகாது. போனில் சொல்லாமல் எதற்கு அப்பா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் அவளைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே பக்கத்தில் வந்து நிற்கிறாள், செத்துப்போன என் அம்மாவிடம் அவளைப் பற்றிக் கோள் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கண் கலங்குகிறாள். அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். தஞ்சாவூரில் நீ பார்த்து வைத்திருக்கும் அந்த ஹோமில் அம்மாவைச் சேர்க்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை பரணிதரனும் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், பதில் கடைசியில் இருக்கிறது, நீ சின்ன வயதில் கதைப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிப்பாயே அதுபோல இதையும் படிக்காதே.

ஆடியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபிறகுதான் உன் அம்மாவின் மறதி முற்றியது. உனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள், கமலா என்று பெயர் வைத்தோம், கைக்குழந்தையிலேயே போய்விட்டாள் என்பது மட்டும் உனக்குத் தெரியும். நல்ல அடைமழையில் காய்ச்சல் வந்து, ரோடெல்லாம் தண்ணீரில் முழுகி, திருவாரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே என் தோளில் அடங்கிவிட்டாள். அதற்கப்புறம் நீ பிறந்தாய், வளர்ந்தாய், அம்மா அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. இப்போது அவளுக்கு வேறு எந்த வருஷமும் ஞாபகமில்லை, அந்த மழை வருஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க, புள்ளைய எங்க வச்சீங்க” என்று காலையில் ஆரம்பிப்பாள். கொல்லையில் தேடுவாள், மாட்டுக்கொட்டகையில் தேடுவாள், அப்புறம் நேரே வாய்க்கால்தான். பக்கத்து வீட்டுக் காத்தாயி ஒருநாள் துணி துவைக்கப் போனவள், படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காட்டாமணக்குத் தூரைக் கையால் துழாவிக்கொண்டிருந்தவளைப் பிடித்து இழுத்து வந்தாள். அதற்கப்புறம் கேட்டைப் பூட்டிப் பார்த்தேன். உள்ளங்கை வீங்குகிற மட்டும் கேட்டைத் தட்டினாள் மேகலா, உள்ளே கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி கத்தினாள், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, நானே திறந்துவிட்டேன். திறந்துவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன். நாற்றங்கால் வேலை கிடக்க, நான் அவள் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ சொன்னாய், உன் வேலையிடத்தில் இப்படிப் பிள்ளையைத் தேடுகிறவர்கள் மடியில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுவோம், அமைதியாகிவிடுவார்கள் என்று. வெள்ளைக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொம்மை இருக்கிறது என்று அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்தேன். ஆனாலும் எதிர்வீட்டுத் தியாகேசன் சம்சாரம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனபோது சொல்லியனுப்பி ஒன்று வாங்கி வரச் சொன்னேன். நீலக் கண்ணும் மஞ்சள் முடியுமாக, தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற பிளாஸ்டிக் பிள்ளை. உன் அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “இது யாரு வீட்டுப் புள்ளைங்க, பெத்தவ தேடுவா, கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க” என்று என்னை விரட்டினாள். நானும் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய், டீக்கடையில் உட்கார்ந்து, அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். குடுத்துட்டேன் என்றேன். “அவ அழுதுகிட்டிருந்தாளா” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெற்றவளின் கஷ்டம் தெரிந்தவள், அன்றைக்கு முழுவதும் அந்த யாரோ ஒருத்திக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, நாமே தைத்துவிடுவோம் என்று இறங்கினேன். டெய்லரிடம் போயிருக்கலாம், ஆனால் என்ன தைக்க, யாருக்கு, எதற்கு என்று பஜார் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த தையல் சாக்குத் தையல் ஒன்றுதான். நெல் மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் குத்தி இழுத்துக் கட்டியே காய்த்துப்போன கை இது, அதில் சட்டைத் துணி ஊசியைப் பிடித்தால் ஊசி இருப்பதே தெரியவில்லை. பழைய வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, கரித்துண்டால் ஒரு பிள்ளையை வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. தைத்துவிட்டுத் துணியை உள்வெளியாகத் திருப்ப வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, பிரி பிரியாக ஓரமெல்லாம் வெளியே நின்றது. தையலும் விரல் நுழைகிற இடைவெளியில் சாக்குத் தையலாகவேதான் வந்தது. கறுப்பு நூலால் கண் வைத்தேன், ஒன்று பெரிதாக முழித்துக்கொண்டிருந்தது. காத்தாயி பார்த்துவிட்டு, “மாமா, இது புள்ளையா மூட்டையா” என்று கேட்டு, சிரித்துச் சிரித்து அப்புறம் அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மையெடுத்து அதன் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். அந்தப் பொட்டு வைத்தபிறகுதான் அதற்கு ஒரு முகமே வந்தது.

முதலில் உள்ளே தலையணை இலவம்பஞ்சைத்தான் அடைத்தேன். உன் அம்மா கையில் வாங்கினாள், இந்தத் தடவை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தாள், மறுபடி தூக்கிப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. “என்னங்க, கனமே இல்ல, எளைச்சுப் போச்சே புள்ள, பால் குடிக்கலையா” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு பிள்ளையின் கனத்துக்கு என்ன செய்வது. மணல் போட்டால் சில்லென்று இருக்கும். நாற்றங்காலுக்கு விதைத்தது போக மிச்ச விதைநெல் சாக்கில் கிடந்தது, நல்ல சாவித்திரி ரக நெல், வெயிலில் காய்ந்து கதகதவென்று இருந்தது. வயிற்றுத் தையலைப் பிரித்து, தலைக்கு மட்டும் பஞ்சை விட்டுவிட்டு, உடம்பு முழுக்க நெல்லை அடைத்துத் தைத்தேன். அதை வாங்கித் தோளில் போட்டாள் பார், அந்த நெல் சரசரவென்று இறங்கி அவள் தோளுக்கு ஏற்றபடி படிந்துகொண்டது. தூங்குகிற பிள்ளை அப்படித்தான் படியும், உனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நன்றாக இருந்தோம். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். சாப்பிட்டாள், தலை வாரிவிட்டால் உட்கார்ந்தாள், வாய்க்கால் பக்கமே திரும்பவில்லை. நான் வயலுக்குப் போய்வந்தேன். திரும்பி வரும்போது வாசலிலிருந்தே கமலா தூங்கிட்டாளா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவேன், “சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண் அசந்தா” என்பாள். நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன், போகப் போக எனக்கே அது நடிப்பு என்பது மறந்துவிட்டது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு வாழ்வா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ சொன்ன வைத்தியம் பலித்துவிட்டது என்று உனக்குப் போன் செய்ய நினைத்துக்கொண்டே இருந்தேன்.

புரட்டாசி நடவன்று நானும் காத்தாயியும் வயலில் இருந்தோம். மதியம் வந்து பார்த்தால் உன் அம்மா கொல்லைக் கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பொம்மையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி முடித்துவிட்டாள். சாம்பிராணிப் புகைகூடப் போட்டிருந்தாள். கொடியில் காயப் போடலாம் என்று எடுத்தேன், பிள்ளையைக் கொடியில் தொங்கவிடுகிறானே இந்தப் பாவி என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மேகமூட்டமாக இருந்தது, சிறிது நேரம் வெயில் படுகிற இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். மேல்துணி காய்ந்துவிட்டது, போதும் என்று விட்டுவிட்டேன். அவள் அதைப் புடவைத் தலைப்பில் நன்றாகச் சுற்றி, கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மேகலா, நான் விவசாயி. விதைநெல்லைத் துணியில் கட்டித் தண்ணீரில் நனைத்து, வடியவிட்டு, காற்றுப் படாமல் மூடிக் கதகதப்பாக வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் அதைத்தானே செய்கிறேன். வீட்டுக்குள் ஒரு புளித்த வாடை வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை, முளைகட்டுகிற நெல் வாடை. தாழ்வாரத்தில் நனைந்த சாக்கு கிடக்கிறது, அதிலிருந்து வருகிறது என்று சாக்கைத் தூக்கி வெளியே போட்டேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. அந்தப் பொம்மையை நெல்லாக நினைப்பதை நான் விட்டுவிட்டிருந்தேன் போலிருக்கிறது, அதைத் தவிர வேறு காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு காலையில் உன் அம்மாவின் குரல் கேட்டது. அலறவில்லை. கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பொம்மையை மடியில் கிடத்தி, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் தையல்தான் விரல் நுழைகிற தையலாயிற்றே, அந்தச் சந்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “புழு வச்சிருச்சுங்க” என்றாள். அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். “செத்து எத்தனை நாள் ஆச்சோ, நான் பாட்டுக்குப் பால் குடுத்துகிட்டு இருந்திருக்கேன்” என்றாள். அது நெல்லுடி, முளை விட்டிருக்கு, பிள்ளை இல்லை, பொம்மை, நான் தைத்தது என்று என்னென்னவோ சொன்னேன். நான் பேசுவது அவளுக்குக் கேட்கவே இல்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். எந்த வார்த்தையும் தடுமாறவில்லை. உன் பேர் மறந்துபோகிறவளுக்கு, என்னைச் சில சமயம் அண்ணன் என்று கூப்பிடுகிறவளுக்கு, ஒப்பாரி ஒரு வரி மறக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தெருவே ஓடி வந்தது, நான்தான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு. தியாகேசன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே உள்ளே வந்தவன், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், பொம்மையைப் பார்த்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள், அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியாது. காத்தாயிதான் போய் அம்மா எதிரில் உட்கார்ந்து, அவள் தோளில் கை போட்டு, தானும் அழ ஆரம்பித்தாள். அவள் உட்கார்ந்ததும் இன்னொருத்தி உட்கார்ந்தாள். சாவு வீட்டில் எப்படிக் கட்டிக்கொண்டு அழுவார்களோ அப்படியே வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். நான் என் வீட்டு வாசலில் துக்கத்துக்கு வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்ததும், மண்ணில் வையுங்கள் என்றாள். கைக்குழந்தையைக் கொளுத்தக் கூடாது, மண்ணில்தான் வைக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு, அந்த மழை வருஷத்தில், நானும் உன் பெரியப்பாவும்தான் கமலாவைக் கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் நம் மேட்டுத் திடலில் வைத்தோம், பெண்கள் வருகிற வழக்கம் கிடையாது, எங்கே வைத்தோம் என்று அவள் பார்க்கவில்லை. அந்த இடம் இப்போது இல்லை. வாய்க்காலை அகலப்படுத்தியபோது மிஷின் வந்து கரையை வெட்டி எடுத்துவிட்டது, இப்போது அங்கே தண்ணீர்தான் ஓடுகிறது. அவள் தேடிக்கொண்டு போன இடம் தப்பில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதனால் கொல்லையிலேயே, தென்னைக்கு அப்பால், மண்வெட்டியால் ஒரு குழி எடுத்தேன். பொம்மையை அவளே புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். “இங்கதானா” என்று கேட்டாள். ஆமாம், இங்கதான் என்றேன். தன் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, காத்தாயியைப் பார்த்து, “மல்லிப்பூ வாங்கிட்டு வா, பால் கட்டிக்கும்” என்றாள். பிள்ளை செத்தவளுக்குப் பால் வற்றுவதற்கு மார்மேல் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள், உனக்கு அந்த வழக்கம் தெரியுமோ என்னவோ. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய் வாங்கி வந்தேன். பூக்காரி, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன் மேகலா, எவன் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. காத்தாயி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிவிட்டாள். அந்த வற்றிப்போன மாரில்.

அதோடு தேடுவது நின்றது. நின்றுவிட்டது என்று நானும் மூச்சுவிட்டேன். ஒருவாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஊட்டினால் சாப்பிட்டாள், இல்லாவிட்டால் இல்லை. அப்புறம் ஒருநாள் எழுந்து மறுபடி கொல்லைக்கும் கொட்டகைக்கும் நடக்க ஆரம்பித்தாள். கமலாவையா தேடுகிறாய் என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்து, “கமலாவத்தான் மண்ணுல வச்சாச்சே. மேகலா எங்கங்க, அவளுக்குப் பசிக்கும்” என்றாள். போனில் உன் வீடியோவைக் காட்டினேன், நர்ஸ் உடுப்பில் நீ சிரித்துக்கொண்டு கை ஆட்டுகிறாயே, அது. பார்த்துவிட்டு, “நல்ல முகம், யார் வீட்டுப் பொண்ணு” என்றாள். ஐந்தாறு நாளைக்கு முன்னால், நான் உரம் போட வயலுக்குப் போன நேரத்தில், மழையில் நனைந்துகொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள். ஐப்பசித் தண்ணீர் கரை புரண்டு ஓடுகிறது. கழுத்தளவில் நின்றவளைத் தியாகேசன் குதித்துத்தான் இழுத்தான். கையில் காட்டாமணக்குக் கொத்து ஒன்றைப் பிடித்திருந்தாள், அதை விரித்து வாங்க முடியவில்லை.

அதனால் உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் பதில், சரி. சேர்த்துவிடலாம். ஆனால் அவளைத் தனியாக விடமாட்டேன், எனக்கும் சேர்த்து ஒரு கட்டில் போட இடம் உண்டா என்று கேள், இல்லை என்றால் வேறு ஹோம் பார். நிலத்தைத் தியாகேசனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், அதைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே. தஞ்சாவூரில் என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வாய்க்கால் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நான் கேட்பது. அங்கே போகும்வரை அவளை வீட்டில் உட்காரவைக்க வேண்டுமே, நான் மறுபடி ஊசியை எடுத்துவிட்டேன். இந்தத் தடவை தைப்பது உன்னை. தையல் நெருக்கமாகப் போடக் கற்றுக்கொண்டேன், துணியை உள்வெளியாகத் திருப்பவும் காத்தாயி காட்டிக்கொடுத்தாள், உள்ளே நெல் கிடையாது, அடுப்பில் வறுத்து ஆறவைத்த மணல். தலைக்கு மேல்துணிதான் குறை. நீ கட்டிப் பழகிய பருத்தித் துணி, சுடிதார் துப்பட்டாவோ எதுவோ, ஒன்றை ஸ்பீடு போஸ்டில் அனுப்பு, துவைக்காமல் அனுப்பு. உன் முகம் அவளுக்கு மறந்துவிட்டது, வாசனை மறந்திருக்காது என்று நினைக்கிறேன். மறந்திருந்தால் அதையும் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவும் இதைச் சொல்வதாக வைத்துக்கொள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள், இரவு வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. லீவு கிடைத்ததும் வந்துவிடு. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மடியில் இருக்கும் உன்னை எடுத்து உன் கையில் கொடுப்பாள். அப்போது அழாதே, அவள் பயந்துவிடுவாள். தலையைத் தாங்கிப் பிடித்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சிங்காரவேலு.